குடிக்கடனும் கூட்டுறவும்

(கிராமக் கூட்டுறவு நாணயச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் விதை, உரம், வட்டி, தவணை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். அவ்வழக்கத்தை விட்டு இன்று மதுபானம் முதலிய லாகிரிப் பழக்கங்களைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். “இது பஜனை மடத்தில் பேச வேண்டிய விஷயமல்லவா? கணக்குப் பார்க்கிற இடத்தில் இதற்கு என்ன வேலை?” என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. கணக்குப் பார்க்கிற இடம் என்பதனாலேயே இது இங்கே பேசத் தக்கது என்பது அடியேனின் பதில். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்துப் போனார். அறநூலார் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார்கள். நாம் இன்று பார்க்கப் போவது பேரேட்டை மாத்திரமே.

நமது சங்கங்களின் தோற்றத்தைச் சற்று நினைவு கூர்வோம். சென்னை மாகாணத்துக் குடியானவரின் கடன் தொல்லைக்குப் பரிகாரம் தேடும் பொருட்டு ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் என்னும் உத்தியோகஸ்தர் நியமிக்கப்பட்டார். ஐரோப்பிய தேசங்களின் கடன் சங்கங்களை ஆராய்ந்து அவர் எழுதிய விரிவான அறிக்கை 1895 முதல் 1897 வரையில் வெளியாயிற்று. ஜெர்மனியில் 1864-ஆம் வருஷம் ஹெடஸ்டார்ப் என்னும் ஊரில் ரைபைஸன் என்பவர் ஸ்தாபித்த கடன் சங்கத்தின் முறையை அவர் நமக்கு ஏற்ற முன்மாதிரியாக எடுத்துக் காட்டினார். பின்னர் 1904-ஆம் வருஷம் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூர் கிராமத்தில் ஒரு விவசாயக் கடன் சங்கமும், சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கமும் தொடங்கப் பெற்றன.

ரைபைஸன் முறையின் உயிர்நிலை யாது? நிலமும் நகையும் இல்லாதவனுக்கும் அவனுடைய நாணயமே ஈடு என்பதுதான். ஒருவனுடைய நடத்தையை அயலார் அறிவர். அறிந்தவர் ஜாமீன் நிற்பர். ஆகவே பட்டணத்து வங்கி கொடுக்கத் தயங்கும் கடனைக் கிராமச் சங்கம் தைரியமாகக் கொடுக்கலாம். நாணயச் சங்கம் என்று பழையவர் பெயரிட்டது இதனால்தான். ஆகையால் ஒருவனுடைய நாணயத்தைத் தின்று கொண்டு வரும் எந்தப் பழக்கமும் சங்கத்தின் மூலதனத்தைத் தின்று கொண்டு வருவதேயாகும். கறையான் வீட்டுக்காரனைக் கேட்டுக்கொண்டு உத்தரத்தில் ஏறுவதில்லை; கணக்கன் எழுதாத செலவும் அப்படித்தான்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது எந்தக் குடும்பத்தின் கணக்கும் அன்று, உதாரணத்துக்காகச் சொல்வது. ஒரு கூலிக்காரர் மாதம் 25 நாள் குடிக்கிறார் என்றும், நாளொன்றுக்கு 150 ரூபாய் அதற்குச் செல்லுகிறது என்றும் வைத்துக் கொள்ளுங்கள். மாதம் 3,750 ரூபாய். வருஷம் 45,000 ரூபாய். குடித்த மறுநாள் எழுந்திருக்க மாட்டாமல் மாதம் இரண்டு நாள் வேலை தவறுகிறது. நாட்கூலி 500 ரூபாயானால் வருஷத்துக்கு 12,000 ரூபாய் நஷ்டம். கையில் பணமில்லாத வேளையில் பிள்ளையின் படிப்புக்கோ, வைத்தியத்துக்கோ 20,000 ரூபாய் வெளியில் வாங்குகிறார். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி. அதற்கு வருஷத்தில் 12,000 ரூபாய். மூன்றையும் கூட்டினால் 69,000 ரூபாயாகிறது. பத்து வருஷத்தில் ஆறு லட்சத்துத் தொண்ணூறாயிரம். ஒரு கிணறும் மோட்டாரும், இரண்டு கறவை மாடுகளும், ஒரு பெண்ணின் கலாசாலைப் படிப்பும் அந்தத் தொகைக்குள் அடங்கும் அல்லவா?

இவற்றுள் முதல் தொகை மாத்திரமே மதுக்கடையில் கொடுத்த பணம் என்பதைக் கவனியுங்கள். மற்ற இரண்டும் அதன் நிழல்கள். குடிக்கிறவர் தம் செலவைக் கேட்டால் முதல் தொகையைத்தான் சொல்லுவார். அதையும் பாதியாகக் குறைத்துச் சொல்லுவார். நிழல்களை அவர் காண்பதில்லை. அவருடைய மனைவி காண்கிறார். நமது சங்கத்தின் காரியதரிசியும் தவணை தவறிய ஜாபிதாவில் அவற்றைக் காண்கிறார். பயிர்க்கடனைத் தவணை தவறாமல் செலுத்துவோருக்கு வட்டிச் சலுகை உண்டு. அச்சலுகையை இழந்து, அதே வேளையில் கந்து வட்டிக்காரனுக்கு மாதந்தோறும் தவறாமல் அளந்து கொடுக்கும் விபரீதம், குடிப் பழக்கம் குடிகொண்ட வீடுகளில் அதிகமாக நிகழ்கிறது.

இத்தீமை நமது நாட்டில் வேரூன்றிய வரலாற்றையும் அறிந்து கொள்ளுவது நலம். 1886-ஆம் வருஷத்துச் சென்னை அப்காரிச் சட்டத்தின் கீழ்க் கள்ளும் சாராயமும் சர்க்காருடைய வருமான மார்க்கமாக ஒழுங்கு செய்யப்பட்டன. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். ஏலத்தில் அதிகத் தொகைக்கு எடுத்தவன், எடுத்த தொகைக்கு மேல் லாபம் காண வேண்டுமானால் அதிகம் பேரை அதிகமாகக் குடிக்கச் செய்ய வேண்டும். இவ்வாறு குடிப்பவனுடைய பலவீனமே சர்க்காரின் வரவு செலவுத் திட்டத்துக்கு ஒரு தூணாயிற்று. 1930-களில் சென்னை மாகாண வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அப்காரியிலிருந்தே வந்தது.

இதை எதிர்த்து எழுந்தவர்களுள் நம் கொங்கு நாட்டார் முன் நின்றனர். 1921-ஆம் வருஷம் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்த போது ஈ. வெ. ராமசாமி அவர்களின் மனைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மாளும் வீதியில் இறங்கி மறியல் செய்தார்கள். கள்ளுக்கு விடப்பட்டிருந்த தமது தென்னந்தோப்பு மரங்களை ராமசாமி அவர்கள் வெட்டிச் சாய்க்கச் செய்தார். 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிய ராஜகோபாலாச்சாரியார் அவர்கள், 1929-ல் மதுவிலக்குக்கென்றே “விமோசனம்” என்னும் மாதப் பத்திரிகையை வெளியிட்டார். சீர்திருத்தக் கொள்கைகளில் எதிரெதிராக நின்ற இவ்விருவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒருமித்திருந்தனர் என்பது கவனிக்கத் தக்கது.

பின்னர் ராஜகோபாலாச்சாரியார் மாகாணப் பிரதம மந்திரியான போது, 1937-ஆம் வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஜில்லாக்களும் அன்று சேலத்தைச் சேர்ந்தவை. கடைகளை மூடியதோடு காரியம் முடிந்ததென்று அன்றைய அதிகாரிகள் எண்ணவில்லை. மாலை வேளையில் மனிதன் எங்கே போவான் என்று யோசித்தார்கள். விளையாட்டுகள், பஜனைகள், தேநீர்க் கடைகள், சிக்கனச் சங்கங்கள் ஆகியவற்றைக் கிராமங்களில் ஊக்கினார்கள். கள் இறக்கி ஜீவித்தவர்களுக்குப் பதநீர் இறக்க அனுமதி அளித்து, வெல்லம் காய்ச்சும் தொழிலில் திருப்பினார்கள். பானையின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர் புளிக்காது. தடவாவிட்டால் அதுவே கள்ளாகும். ஒரே மரம், ஒரே பாளை. நடுவில் ஒரு சுண்ணாம்புப் பூச்சுத்தான் வித்தியாசம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பொருளாதார ஆசிரியர் நாராயணசாமி நாயுடு அவர்கள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கின் பொருளாதார விளைவுகளைப் பரிசீலனை செய்தார். குடித்து வந்த குடும்பங்களில் ஆகாரத்துக்கும் துணிக்கும் செய்யும் செலவு உயர்ந்ததும், கடன் சுமை தளர்ந்ததும் அப்பரிசீலனையில் தெரிய வந்தன. குடிக்குச் சென்ற பணம் காற்றில் மறையவில்லை. அரிசிப் பானைக்கும் ஜவுளிக் கடைக்கும் வழி திரும்பிற்று.

ஆயினும் இவ்வரலாற்றின் மறு பக்கத்தையும் மறைக்கலாகாது. சர்க்காருக்கு நேர்ந்த வருமான நஷ்டத்தை ஈடு செய்யும் முயற்சிகளில் ஒன்றாக 1939-ல் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. அடுத்து மூண்ட யுத்தத்தின் நடுவில், ஜனப்பிரதிநிதிகளின் மந்திரி சபை இல்லாத காலத்தில், மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. விற்பனை வரியோ நிற்கவில்லை. 1946 முதல் மதுவிலக்கு மறுபடியும் ஜில்லா ஜில்லாவாக விரிந்து, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அவர்கள் காலத்தில் 1948-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி மாகாணம் முழுவதையும் தழுவிற்று. அதன் பின்னர் 1971-ல் ஒத்தி வைக்கப்பட்டது. 1974-ல் திரும்பி வந்தது. 1981-ல் மறுபடியும் தளர்ந்தது. 1983-ல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் மொத்த விற்பனைக்கென ஏற்பட்டு, 2003-ல் சில்லறைக் கடைகளையும் தானே ஏற்றது. விலக்கு இருந்த காலத்திலும் ஓடைக்கரைகளிலும் மலையடிவாரங்களிலும் கள்ளச் சாராயம் காய்ச்சுவது ஓயவில்லை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் யாது? சட்டம் வேண்டாம் என்பதன்று. அரசியல் சாஸனத்தின் 47-ஆவது பிரிவு மதுவிலக்கைச் சர்க்காரின் முயற்சிக்குரிய இலட்சியங்களுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. சட்டம் வரும், போகும். மந்திரி சபைகளும் வரும், போகும். கிராமமும் அதன் சங்கமும் நிலைத்திருப்பவை. கடை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் நம் வீட்டுப் பணத்தைக் காத்துக் கொள்ளும் ஏற்பாடு நம் கையில் இருக்க வேண்டும் என்பதே அப்பாடம்.

அவ்விதமான ஏற்பாட்டுக்கு ஓர் உதாரணம், முன்னாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில் கிடைக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே வயது வந்தோர்க்கு எழுத்தறிவூட்டும் இயக்கம் நடந்தது. இராப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த பெண்கள் தங்கள் வீட்டுத் துன்பத்துக்கும் சாராயத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் கூடிப் பேசினார்கள். தூபகுண்டா என்னும் கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூடச் செய்தார்கள். 1992-ல் அது ஜில்லா முழுவதும் பரவிச் சாராய ஏலங்களையே தடுத்தது. 1993 அக்டோபரில் ஆந்திரப் பிரதேசம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது; 1995-ல் பூரண மதுவிலக்கும் வந்தது. 1997-ல் அப்பூரண விலக்கு தளர்த்தப்பட்டது.

ஆனால் அப்பெண்கள் இன்னொரு காரியமும் செய்திருந்தார்கள். சாராயத்துக்குப் போகாமல் மிஞ்சிய பணத்தில் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் சேர்க்கத் தொடங்கினார்கள். “பொதுப்பு லக்ஷ்மி”, அதாவது சேமிப்பு லக்ஷ்மி, என்ற பெயரால் அச்சிறு சங்கங்கள் கிராமந்தோறும் பெருகின. ஒரு பெண்ணுக்கு வருஷத்துக்கு 365 ரூபாய் என்றால் சொற்பம். ஊர் முழுவதும் சேர்ந்தால் அதுவே மூலதனம். சட்டம் தளர்ந்த பின்னும் சேமிப்புப் பழக்கம் நிலைத்தது. நமது இயக்கத்துக்கு இதைவிடச் சிறந்த பாடம் எங்கிருந்து கிடைக்கும்?

இனி, குடிக்கு அடிமைப்பட்டவரைப் பற்றிச் சில வார்த்தைகள். அவரைத் துஷ்டர் என்று தள்ளி விடுவது எளிது. இக்கால வைத்திய சாஸ்திரமோ அதை ஒரு வியாதியாகவே கருதுகிறது. நெடுநாள் குடித்தவருடைய மூளையும் நரம்புகளும் மதுவின் இருப்புக்கே தம்மைப் பழக்கிக் கொண்டு விடுகின்றன. தொடக்கத்தில் இன்பத்துக்காகக் குடித்தவர், பின்னர் நடுக்கத்தைத் தவிர்க்கக் குடிக்கிறார். 2019-ல் வெளியான தேசிய அளவிலான பரிசீலனையின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களுள் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள், அவர்களுள் 2.9 கோடிப் பேர் அதற்கு அடிமைப்பட்டவர்கள். அவ்வாறு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மற்ற 37 பேருக்கும் கிடைப்பது வசவும் அடியும் அவமானமும்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தினந்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவரைத் திடீரென்று அறையில் பூட்டிக் குடியை நிறுத்துவது ஆபத்தானது. நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வேர்வையும் காணும். இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளைக்குள் புத்தி தடுமாறி, இல்லாதவற்றைக் கண்டு அலறும் ஜன்னி காணலாம். உயிருக்கே அபாயம் நேரலாம். ஆகையால் வைத்தியர் மேற்பார்வையில் நிறுத்துவதே முறை. அதைப் போலவே, “குடியை மறக்கச் செய்யும் மருந்து” என்று சொல்லி விற்கும் பொடிகளை அவர் அறியாமல் குழம்பில் கலந்து கொடுப்பதும் தவறு. மதுவை வெறுக்கச் செய்யும் மருந்து வைத்திய சாஸ்திரத்தில் உண்டு. அதை உட்கொண்டவர் அறியாமல் மது அருந்தினால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் வீழ்ந்து, மரணமும் சம்பவிக்கலாம். அவர் அறிந்து, சம்மதித்து, வைத்தியர் கொடுத்தாலன்றி அதைத் தொடலாகாது.

கள்ளச் சாராயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அருந்தி 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்கு முந்திய வருஷம் மே மாதத்தில் மரக்காணம், செங்கற்பட்டுப் பகுதிகளிலும் இத்தகைய மரணங்கள் நேர்ந்தன. இவற்றுக்குக் காரணம் தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்னும் திரவம். சாதாரணச் சாராயத்தைப் போலவே நிறமற்றது. நாவினால் வேறு பிரித்தறிய முடியாது. உடலுக்குள் அது பார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண் நரம்பைக் கெடுக்கும். பின்னர் உயிரைக் கொள்ளும். குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்தே வயிற்று வலியும் வாந்தியும் பார்வை மங்கலும் தோன்றும். அவ்வேளையில் போலீஸுக்கு அஞ்சி மறைத்து வைப்பதும், மோர் கொடுத்துப் படுக்க வைப்பதும் உயிரைப் போக்கும் காரியங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்று உண்மையைச் சொன்னால், மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் செய்து பலரைக் காப்பாற்ற முடியும்.

வாலிபர்களிடையே மதுவோடு கஞ்சாவும், வலி நீக்கும் மாத்திரைகளைப் போதைக்காக உபயோகிக்கும் பழக்கமும் காணப்படுகின்றன. பிள்ளையின் சட்டைப் பையைச் சோதிப்பதைக் காட்டிலும், மாலை நேரத்தில் அவன் யாரோடு இருக்கிறான் என்பதை அறிந்திருப்பது மேல். பள்ளிக்கூடம் விட்டபின் போக இடமில்லாத பிள்ளைக்கு இடம் கொடுக்க ஆள் காத்திருக்கிறான்.

இனி நம் சங்கம் என்ன செய்யக் கூடும் என்று பார்ப்போம். குடிப்பவருக்குக் கடனே கொடுக்கக் கூடாது என்று சிலர் சொல்லுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரைச் சங்கத்திலிருந்து தள்ளினால் அவர் குடிப்பதை விடப் போவதில்லை. கந்து வட்டிக்காரனிடம் போவார். தண்டனை அவருக்கன்று, அவர் மனைவி மக்களுக்கு. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது வைத்தியமாகாது. கடனை நிறுத்துவதன்று, கடன் போகும் வாய்க்காலைக் கரை கட்டுவதே நம் வேலை.

முதலாவது, பயிர்க்கடனில் கூடியவரையில் விதையாகவும் உரமாகவும் கொடுப்பது. ரொக்கத்தைப் பயிரின் பருவத்துக்கேற்பப் பகுதி பகுதியாகக் கொடுப்பது. மொத்தமாகக் கையில் விழும் பணந்தான் வழியில் மறிக்கப்படுகிறது.

இரண்டாவது, வீட்டுப் பெண்களை அங்கத்தினர்களாகச் சேர்ப்பது. பால் பணம், விளைபொருள் விற்ற பணம் ஆகியவை கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள கணக்கில் சேருமாறு, அவ்விருவர் சம்மதத்தோடு ஏற்பாடு செய்வது. கையெழுத்து இரண்டானால் யோசனையும் இரண்டாகும்.

மூன்றாவது, அறுவடைச் சேமிப்பு. களத்தில் நெல் அளக்கும் நாளிலேயே ஒரு பங்கைச் சேமிப்புக் கணக்கில் வரவு வைப்பது. கூலிக்காரர்களுக்கு வாரக் கூலி நாளில் சங்கத்தின் ஆள் அவர்கள் இருக்கும் இடத்துக்கே சென்று சிறு தொகைகளை வாங்கி வருவது. நாளொன்றுக்கு 150 ரூபாய் குடிப்பவர் அதில் 50 ரூபாயை மாத்திரம் மாதம் 25 நாள் சேர்த்தால் வருஷத்தில் 15,000 ரூபாயாகும். தன் பெயரில் முதன்முதலாக ஒரு தொகை நிற்பதைக் கண்டவன் அதைக் கலைக்க யோசிப்பான்.

நான்காவது, சிகிச்சைக்குப் போகிறவருக்குத் தவணையில் சட்டத்துக்குட்பட்ட ஒத்தாசை. அவர் ஆஸ்பத்திரியிலிருக்கும் நாட்களில் ஜப்தி நோட்டீசு அனுப்பாமல், பஞ்சாயத்தார் கூடி உரிய அதிகாரிகளிடம் கால நீட்டிப்புக் கேட்டுக் கொடுப்பது. ஜில்லா அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநல வைத்தியர்கள் இருக்கிறார்கள். லாகிரிப் பழக்கத்திலிருந்து விடுபட விரும்புவோருக்கு 14446 என்ற எண்ணில் தேசிய உதவித் தொலைபேசியும் கட்டணமின்றி இயங்குகிறது. இவ்வெண்ணைச் சங்கக் கட்டடத்தின் சுவரில் எழுதி வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா வர்ணந்தான்.

ஐந்தாவது, ஜாமீன்தாரரின் கடமை. ஜாமீன் என்பது கையெழுத்து மாத்திரமன்று. கடன் வாங்கியவர் தடுமாறும் போது அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசும் உரிமையும் பொறுப்பும் அக்கையெழுத்தில் அடங்கியிருக்கின்றன. குடியை விட்ட ஒருவர் விட விரும்பும் இன்னொருவருக்குத் துணை நிற்பது மிகுந்த பலன் தருவதென்று உலக அனுபவம் காட்டுகிறது. 1935-ல் அமெரிக்காவில் இரண்டு பேர் தொடங்கிய இத்தகைய கூட்டுறவு இன்று பல தேசங்களில் பரவியிருக்கிறது. அதுவும் ஒருவகை நாணயச் சங்கந்தான்.

ஆறாவது, பனைத் தொழிலாளரை மறவாதிருப்பது. கள்ளைப் பழிக்கும் போது மரம் ஏறுகிறவரைப் பழிக்கலாகாது. அவரைப் போல் உயிரைப் பணயம் வைத்து உழைப்பவர் சிலரே. பதநீர், கருப்பட்டி, பனங்கற்கண்டு ஆகியவற்றுக்கு நியாயமான விலை கிடைக்கச் செய்யும் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களை ஆதரிப்பதும், நம் வீட்டுக்கு அவற்றை வாங்குவதும் மதுவிலக்கு வேலையின் ஒரு பகுதியே.

இதற்கெல்லாம் சில ஆட்சேபங்கள் எழுவது இயல்பு. “நாளெல்லாம் உழைத்த உடம்பு வலிக்கிறது, கொஞ்சம் குடித்தால்தான் தூக்கம் வருகிறது” என்பது ஒன்று. வலி உண்மை, அதை மறுப்பவன் வயலில் இறங்காதவன். மது அவ்வலியைச் சிறிது நேரம் மறைக்கிறதே ஒழியப் போக்குவதில்லை. அது தரும் தூக்கமும் நடு இரவில் கலைந்து விடுகிறது. விடியும் போது உடலில் நீர் வற்றி அசதியே மிஞ்சுகிறது. “அவன் சம்பாதித்த காசை அவன் குடிக்கிறான்” என்பது மற்றொன்று. அவன் பெயரில் நிலுவை நிற்கும் போது அது அவன் காசு மாத்திரமன்று. ஜாமீன் போட்டவர் காசு, பங்குத் தொகை கட்டிய ஒவ்வோர் அங்கத்தினரின் காசு. “சர்க்காரே விற்கும் போது நாம் என்ன செய்வது?” என்பது மூன்றாவது. விற்பது அவர்கள் கையில் இருக்கலாம். வாங்குவது நம் கையில்தானே இருக்கிறது?

அங்கத்தினர்களே, இக்கூட்டம் கலைவதற்கு முன் மூன்று தீர்மானங்களை உங்கள் யோசனைக்கு வைக்கிறேன். ஒன்று: வருகிற பருவத்துக்குள் கடன் பெற்ற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெண்மணியை அங்கத்தினராகச் சேர்ப்பது. இரண்டு: அறுவடை நாளிலேயே சேமிப்பு வசூலிக்கும் ஏற்பாட்டை ஒரு வருஷம் பரீட்சார்த்தமாக நடத்தி, அதன் பலனை அடுத்த மகாசபைக் கூட்டத்தில் வைப்பது. மூன்று: குடியை விட்டுச் சிகிச்சைக்குச் செல்லும் எந்த அங்கத்தினரையும் ஏளனம் செய்யாமல், அவர் திரும்பி வரும்வரை அவர் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பை அயல் நிலத்தார் ஏற்பது.

இம்மூன்றனுள் கடைசியானது எந்தப் பைலாவிலும் இல்லை. எந்த ரிஜிஸ்திராரும் அதைத் தணிக்கை செய்யப் போவதில்லை. ஆயினும் ஒருவர் சிகிச்சைக்குப் போவதைத் தடுப்பது பெரும்பாலும் பணமன்று; “நான் போய்விட்டால் பயிர் என்னாகும், ஊர் என்ன சொல்லும்” என்ற இரண்டு கவலைகளே. அவ்விரண்டையும் தீர்க்கும் சக்தி பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. பஞ்சாயத்தார் இன்றே இவற்றை ஓட்டுக்கு விட வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன்.